கார்ன்ஃபிளேக்ஸ் டாக்டரின் அதிரும் நாற்காலி: உடலைக் குலுக்கினால் செரிமானம் சீராகுமா?

ஜிம்முக்குப் போனால் ஒரு மூலையில் அந்த மெஷின் இருக்கும். மேலே ஏறி நின்று பட்டனைத் தட்டினால் கால் முதல் தலை வரை உடம்பு கிடுகிடுவென அதிரும். எடை குறையும், ரத்த ஓட்டம் கூடும், செரிமானம் சீராகும், மலச்சிக்கல் போகும் என்று விளம்பரம் அடுக்கிக்கொண்டே போகும். ஏதோ இப்போது வந்த டெக்னாலஜி போலத் தெரியும்.

ஆனால் இந்த ஐடியாவுக்கு வயது 100-க்கும் மேல். வயிற்றுக் கோளாறோடு வந்தவர்களை அதிரும் நாற்காலியில் உட்காரவைத்து, அதற்காகவே பெயர் வாங்கிய ஒரு டாக்டர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஜான் ஹார்வி கெல்லாக். காலை உணவுப் பெட்டியில் பார்க்கிறோமே, அதே கெல்லாக்தான்.

சரியான கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதற்கான பதிலைச் சோதித்துப் பார்க்காமலே நம்பிய மனிதர் அவர். அவர் விட்ட அந்தச் சோதனையைச் சமீப ஆண்டுகளில்தான் வேறு சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

துடைப்பம் செய்த வீட்டுப் பையன்

1852 பிப்ரவரி 26-ல் மிச்சிகன் மாகாணத்தின் டைரோன் என்ற இடத்தில் கெல்லாக் பிறந்தார். பெரிய குடும்பம். சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் பேட்டில் கிரீக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா துடைப்பம் தயாரிக்கும் தொழில் நடத்தினார். பெற்றோர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்து சீக்கிரமே திரும்பி வரப்போகிறார் என்று உறுதியாக நம்பியதால், பிள்ளைகளை நீண்ட நாள் பள்ளிக்கு அனுப்புவதில் அவர்கள் பெரிதாக அக்கறை காட்டவில்லை. ஜான் பள்ளிக்குப் போனதே கொஞ்ச காலம்தான்.

அந்தத் திருச்சபைக்கு ஆரோக்கியத்தில் பெரிய ஈடுபாடு. இறைச்சி வேண்டாம், மது வேண்டாம், புகையிலை வேண்டாம், காபி, டீயும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. 12 வயதில் ஜான் திருச்சபையின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எடுபிடி வேலையில் தொடங்கி, அச்சுப் பிழை திருத்தும் வேலை வரை உயர்ந்தார். உணவு, தண்ணீர் சிகிச்சை, சுகாதாரம் பற்றிய கட்டுரைகளை எழுத்தெழுத்தாகப் படித்தது அங்கேதான். பள்ளிக்கூடம் கொடுக்காததை அச்சகம் கொடுத்தது.

பையனின் கூர்மையைப் பார்த்த திருச்சபைத் தலைவர்கள் அவரை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். முதலில் தண்ணீர் சிகிச்சை சொல்லித்தரும் கல்லூரி, பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம், கடைசியாக நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக் கல்லூரி. 1875-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நியூயார்க்கில் தனியாகத் தங்கிப் படித்தபோது சமைக்க வசதி இல்லை. முழுக்கோதுமை பிஸ்கட்டும் ஆப்பிளும்தான் காலைச் சாப்பாடு. சமைக்காமல் அப்படியே சாப்பிடுகிற தானிய உணவு ஒன்று கடையில் கிடைத்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் முளைத்தது.

24 வயதில் தலைமை மருத்துவர்

1876-ல் பேட்டில் கிரீக்கில் திருச்சபை நடத்திய சின்ன சிகிச்சை இல்லத்தின் பொறுப்பு கெல்லாக் கைக்கு வந்தது. அப்போது வயது 24. அதன் பெயரைச் சானிடேரியம் என்று மாற்றினார். நோயைக் குணப்படுத்தும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது, நோய் வராமல் வாழக் கற்றுக்கொடுக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கனவு.

அடுத்த 30 ஆண்டுகளில் அது மருத்துவமனை, ஓட்டல், உடற்பயிற்சிக் கூடம், சமையல் ஆய்வகம் எல்லாம் சேர்ந்த ஒரு குட்டி ஊராகவே வளர்ந்துவிட்டது. 1902 பிப்ரவரியில் பெரும் தீ விபத்தில் கட்டிடம் எரிந்து போனது. அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய கட்டிடத்தைத் திறந்தார். ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், பின்னாளில் விமானி அமேலியா இயர்ஹார்ட் என்று அங்கே வந்து தங்கிய பிரபலங்களின் பட்டியல் நீளம்.

கெல்லாக்கை வெறும் பிசினஸ்மேன் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் தேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர். வாழ்நாளில் 22,000-க்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள் செய்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகளில் வரும் கணக்கு. 1879-ல் எல்லா ஈட்டனைத் திருமணம் செய்துகொண்டார். தம்பதிக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. ஆதரவற்ற 40-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள்.

எதற்கெடுத்தாலும் குடல்தான் காரணமா?

தலைவலி, சோர்வு, மனச்சோர்வு, முதுகுவலி என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் கெல்லாக்கின் விரல் வயிற்றைத்தான் காட்டும். அதற்குப் பின்னால் அந்தக் காலத்து மருத்துவக் கொள்கை ஒன்று இருந்தது. பெருங்குடலில் தேங்கும் கழிவு அழுகி நஞ்சாகிறது, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கக் கோளாறு செய்கிறது என்பதே அது. குடல் தன்னைத்தானே விஷமாக்கிக்கொள்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதை நம்பியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பிரான்ஸில் சார்லஸ் பூஷார்ட் இதைப் பரப்பினார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலி மெச்னிகோவ், முதுமைக்கே குடல் பாக்டீரியாதான் காரணம் என்று கருதி, புளித்த பாலைச் சிபாரிசு செய்தார். லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு படி மேலே போய், நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்.

கெல்லாக் அந்த அளவுக்குப் போகவில்லை. குடலை வெட்டுவதற்குப் பதில் ஓடவைத்தால் போதும் என்று நினைத்தார். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் மலம் கழிய வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 3 முறை என்பது அவர் இலக்கு. இன்றைய மருத்துவக் கணக்கில் நாளைக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை எல்லாமே நார்மல்தான். அவர் வைத்த இலக்குப்படி பார்த்தால் பாதி உலகமே நோயாளி.

அந்த இலக்கை எட்ட அவர் கையாண்ட வழிகளில் பல இன்றும் நிற்பவை. தவிடு நீக்காத தானியம், பழம், காய்கறி, கொட்டைகள், நிறையத் தண்ணீர், தினமும் நடை. நம் ஊர் மருந்துக் கடையில் இசப்கோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த வகைச் செடியின் விதையையும் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மலம் கழிக்கக் குந்தி உட்காருவதே இயற்கையான முறை என்றும் வாதிட்டார். எனிமா விஷயத்தில்தான் அவருக்கு அளவே தெரியவில்லை. தண்ணீரால் குடலைக் கழுவிவிட்டு, நல்ல பாக்டீரியா குடியேறட்டும் என்று தயிரை வாய்வழியாகவும் எனிமாவாகவும் கொடுத்தார்.

இயந்திரங்கள் உள்ளே வருகின்றன

உணவும் தண்ணீரும் போதாத இடத்தில் இயந்திரம் கைகொடுக்கும் என்பது 19-ம் நூற்றாண்டின் நம்பிக்கை. ஸ்வீடன் மருத்துவர் குஸ்டாவ் சாண்டர் நீராவியில் இயங்கும் உடற்பயிற்சிக் கருவிகளைச் செய்து உலகப் புகழ் பெற்றிருந்தார். பாரிஸில் நரம்பியல் மேதை ஷார்கோ இன்னொன்றைக் கவனித்தார். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கி வந்த பார்க்கின்சன் நோயாளிகள், வந்த பிறகு உடம்பு இலகுவாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் குலுக்கலை அறைக்குள்ளேயே கொடுக்க அவர் ஓர் அதிரும் நாற்காலி செய்யச் சொன்னார்.

இந்த அலையில் கெல்லாக் முழுதாக இறங்கினார். மசாஜ் பற்றி 1895-ல் அவர் எழுதிய நூலில் அதிர்வு சிகிச்சைக்கும் இடம் உண்டு. சானிடேரியத்தின் ஓர் அறை முழுக்க அவருடைய கண்டுபிடிப்புகள். ஏறி நின்றால் அதிரும் மேடை, பாதத்தை மட்டும் அதிரவைக்கும் கருவி, பிடித்துக்கொண்டால் கை வழியே உடம்பை உலுக்கும் கம்பி, வயிற்றைப் பிசையும் உருளைகள், முதுகைத் தட்டும் பட்டைகள், ஏறி உட்கார்ந்தால் ஆடும் இயந்திரக் குதிரை.

எல்லாவற்றிலும் பிரபலம் அந்த நாற்காலி. மெத்தை இல்லாத வெறும் மர நாற்காலி. மோட்டார் ஓடத் தொடங்கினால் விநாடிக்குப் பல முறை படபடவென்று அடிக்கும். உட்கார்ந்தவரின் பல் கடகடக்கும், வயிறு குலுங்கும். குடலின் அசைவைத் தூண்டி மலச்சிக்கலைப் போக்கும், தலைவலியும் முதுகுவலியும் குறையும் என்பது டாக்டரின் வாக்கு. பேட்டில் கிரீக்கின் வரலாற்று வளாகத்தில் அவருடைய கருவிகள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன.

டெஸ்லாவின் மேடையும் மார்க் ட்வைனின் அவசரமும்

அதே காலத்தில் நியூயார்க்கில் வேறொருவரும் அதிர்வோடு விளையாடிக்கொண்டிருந்தார். நிகோலா டெஸ்லா. மின்சாரம் உற்பத்தி செய்ய, வேகமாக முன்னும் பின்னும் ஆடும் ஒரு பிஸ்டன் எந்திரத்தை அவர் உருவாக்கி, 1894-ல் காப்புரிமையும் பெற்றார். அதன் அதிர்வைத் தாங்கும் மேடையில் ஏறி நிற்பது உடம்புக்கு இதமாக இருந்ததை அவரும் உதவியாளர்களும் கவனித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வயிறும் வேலை செய்யத் தொடங்கியது.

எழுத்தாளர் மார்க் ட்வைன் டெஸ்லாவின் நண்பர். ஆய்வகத்துக்கு அடிக்கடி வருவார். ஒருநாள் அந்த மேடையில் ஏறியவர், டெஸ்லா இறங்கச் சொல்லியும் இறங்க மறுத்து, சுகமாக இருக்கிறது என்று நின்றுகொண்டே இருந்தாராம். திடீரென்று முகம் மாறி, கழிப்பறை எங்கே என்று கேட்டு ஓடினாராம். பின்னாளில் டெஸ்லா சொன்ன கதை இது.

சொன்னவர் டெஸ்லா என்பதற்காக ஒரு சம்பவம் ஆதாரம் ஆகிவிடாது. ட்வைன் அன்று காலை என்ன சாப்பிட்டார், மேடையில் ஏறாமல் இருந்தால் எப்போது போயிருப்பார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கெல்லாக்கின் சிக்கலும் இதேதான். அவருடைய நோயாளிகள் குணமாகிப் போனார்கள், உண்மை. ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் தவிட்டு ரொட்டியும் பழமும் சாப்பிட்டார்கள், சிகரெட்டையும் மதுவையும் நிறுத்தினார்கள், நடந்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள், அலுவலக டென்ஷனை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இதில் நாற்காலியின் பங்கு எவ்வளவு? அதைப் பிரித்துப் பார்க்க அவர் முயலவே இல்லை.

அதிர்வு வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

அதிர்வுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் கொண்ட தனி வலைப்பின்னல் இருக்கிறது. உணவு வந்து சுவரை விரிக்கும்போது, அங்குள்ள சில செல்கள் அந்த அழுத்தத்தை உணர்ந்து செரோடோனினைச் சுரக்கின்றன. உடனே உணவுக்குப் பின்னால் உள்ள பகுதி சுருங்கும், முன்னால் உள்ள பகுதி தளரும். பேஸ்ட் டியூபைப் பின்னாலிருந்து பிதுக்குவது போல உணவு நகரும். ஆக, தொடுதலையும் இழுவிசையையும் புரிந்துகொள்ளும் உறுப்புதான் குடல்.

ஆனால் அதன் தாளம் ரொம்ப நிதானமானது. இரைப்பை நிமிடத்துக்குச் சுமார் 3 முறை அசைகிறது. சிறுகுடலின் தொடக்கப் பகுதி நிமிடத்துக்குச் சுமார் 12 முறை. கெல்லாக்கின் கருவிகளோ விநாடிக் கணக்கில் அடித்தவை. குடலின் சொந்தத் தாளத்துக்கும் இந்த அடிக்கும் ஒட்டே இல்லை.

வெளியிலிருந்து வரும் அதிர்வு உடம்பை எப்படிப் பாதிக்கும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. மூன்று கட்டமாகப் பார்க்கலாம்.

முதலாவது, மிக மெதுவான ஆட்டம். கப்பலும் மலைப்பாதைப் பேருந்தும் தருவது. விநாடிக்கு அரை முறைக்கும் குறைவான இந்த ஆட்டம்தான் குமட்டலையும் வாந்தியையும் கொண்டுவருகிறது. காதின் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புகிறது. இரைப்பையின் 3 முறைத் தாளம் கலைகிறது, உணவு கீழே இறங்குவது தாமதமாகிறது.

இரண்டாவது, விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல்-கீழ்க் குலுக்கல். டிராக்டர், லாரி, மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இது பழக்கம். உட்கார்ந்திருக்கும் மனித உடலின் நடுப்பகுதி இயல்பாகவே இந்த வேகத்தில் ஆடக்கூடியது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடுவது போல, இருக்கை கொடுக்கும் அதிர்வைவிட உடம்பின் ஆட்டம் அதிகமாகிவிடும். அதனால்தான் தொழிலாளர் பாதுகாப்புத் தரநிலைகள் இந்த வேகத்தைக் கூடுதல் கவனத்தோடு அளக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல், 8 மணி நேர வேலையில் உடல் தாங்கலாம் என்று ஒரு அதிர்வு வரம்பையே சட்டமாக்கியது.

இந்த ஓட்டுநர்களிடம் முதுகுவலி அதிகம் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வயிற்றுக் கோளாறுகளும் சொல்லப்படுவது உண்டு. ஆனால் நேரம் தவறிய சாப்பாடு, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, தூக்கக் குறைவு, கழிப்பறைக்குப் போகாமல் அடக்குவது எல்லாம் கூடவே வருவதால், பழியை அதிர்வின் மேல் மட்டும் போட முடிவதில்லை.

மூன்றாவது, ஜிம் மெஷின்களின் வேகமான அதிர்வு. பெரும்பாலும் விநாடிக்கு 20 முறைக்கு மேல். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால் அந்த அதிர்வில் பெரும்பகுதியைக் கால்களே வாங்கிக்கொள்ளும். வயிற்றை எட்டுவது குறைவு. தசை, எலும்பு பற்றித்தான் இவற்றை வைத்து அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். செரிமானத்துக்கு உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தம்பி பிரிகிறார்

கெல்லாக்கின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது இயந்திரம் இல்லை, ஒரு தட்டில் காய்ந்துபோன மாவு. 1894-ல் செரிமானத்துக்கு எளிதான உணவு தேடி, வேகவைத்த கோதுமையோடு சோதனை நடந்துகொண்டிருந்தது. ஆறிப்போன மாவை உருளையில் விட்டபோது அது தனித்தனிச் செதில்களாக வந்தது. வாட்டியதும் மொறுமொறுவென ஆனது. பிறகு அதே முறையைச் சோளத்திலும் செய்தார்கள்.

பாலியல் இச்சையை அடக்கவே கார்ன்ஃபிளேக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று சமூக வலைதளங்களில் ஒரு கதை சுற்றும். காரமில்லாத உணவு உணர்ச்சியைத் தணிக்கும் என்று கெல்லாக் நம்பியது உண்மை. ஆனால் செதில்கள் பிறந்தது சானிடேரியத்தின் செரிமான உணவுத் தேடலில்.

இந்தச் சமையலறை வேலையில் உடனிருந்தவர் தம்பி வில் கீத் கெல்லாக். அண்ணனிடம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைந்த சம்பளத்தில் கணக்கு, கடிதம், நிர்வாகம் எல்லாம் பார்த்தவர். செதிலை ஊருக்கே விற்கலாம் என்று தம்பி சொன்னார். டாக்டர் ஒருவர் கடைச் சரக்கு விற்பதா என்று அண்ணன் தயங்கினார். இதற்கிடையில் சானிடேரியத்தில் நோயாளியாகத் தங்கிப் போன சி.டபிள்யூ. போஸ்ட் அதே ஊரில் தானிய உணவு கம்பெனி தொடங்கிப் பணம் குவித்தார்.

1906-ல் வில் தனிக் கம்பெனி தொடங்கினார். சுவைக்காகச் சர்க்கரையும் சேர்த்தார். அண்ணனுக்கு அதுதான் பெரிய பாவம். கெல்லாக் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் மோதினார்கள். 1920-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் தம்பி ஜெயித்தார். வயிற்றுக்காகச் செய்த உணவு, நாவுக்கான உணவாக மாறி உலகைச் சுற்றியது.

இன்னொரு பக்கம் திருச்சபையோடும் உறவு முறிந்தது. அவருடைய இறையியல் கருத்துகளும், சானிடேரியம் யார் கையில் என்ற இழுபறியும் சேர்ந்து, 1907-ல் அவரை வெளியேற்றினார்கள்.

பஞ்சு சொன்ன பதில்

கெல்லாக் வாழ்நாள் முழுக்க நம்பிய குடல் நஞ்சுக் கொள்கை, அவர் கண்ணெதிரிலேயே ஆட்டம் கண்டது. மலச்சிக்கலில் வரும் தலைவலிக்கும் மந்தத்துக்கும் நஞ்சு காரணம் இல்லை என்று 1919-ல் வால்டர் அல்வாரெஸ் என்ற மருத்துவர் வாதிட்டார். மலம் வெளியேறிய சில நிமிடங்களில் தலைவலி போய்விடுகிறது. ரத்தத்தில் கலந்த நஞ்சு அவ்வளவு சீக்கிரம் எப்படி மறையும்?

1922-ல் டொனால்ட்சன் என்ற மருத்துவர் அதைச் சோதித்தே காட்டினார். ஆரோக்கியமான ஆண்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்தார். மலச்சிக்கலின் அதே தலைவலி, அதே எரிச்சல், அதே சோர்வு. பஞ்சை எடுத்ததும் எல்லாம் பறந்துவிட்டது. பஞ்சில் என்ன நஞ்சு இருக்கிறது? சுவர் விரிவதை உணர்ந்த நரம்புகள்தான் மூளைக்குச் செய்தி அனுப்பியிருக்கின்றன.

குடல் அழுத்தத்துக்குப் பேசும் உறுப்பு என்பதை இந்தச் சோதனை உறுதி செய்தது. ஒரு வகையில் கெல்லாக்கின் உள்ளுணர்வுக்கு அது சாதகம். அவருடைய விளக்கத்துக்கோ அது முடிவுரை. ஆனாலும் அவர் கொள்கையை விடவில்லை.

மறைக்கக் கூடாத பக்கம்

தான் நம்பியதைச் சோதிக்காமல் விடுவது, நாற்காலி விஷயத்தில் பெரிய ஆபத்தில்லை. யாரோ கொஞ்சம் குலுங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே பிடிவாதம் வேறு இடங்களில் மனிதர்களைக் காயப்படுத்தியது. சுய இன்பம் கொடிய நோய் என்று நம்பிய கெல்லாக், அதைத் தடுக்கச் சிறுவர்களுக்கு மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை, சிறுமிகளுக்கு அமிலம் தடவுவது போன்ற கொடுமைகளைத் தன் நூலில் பரிந்துரைத்தார்.

அதைவிடப் பெரிய கறை இனத் தூய்மை வாதம். மனித இனத்தை மேம்படுத்துவது என்ற பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1914, 1915, 1928 ஆகிய ஆண்டுகளில் மாநாடுகள் நடத்தினார். தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று பேசிய இயக்கம் அது. பல பின்னணியில் வந்த ஆதரவற்ற பிள்ளைகளை வீட்டில் வளர்த்த அதே மனிதர், மேடையில் இனங்கள் கலக்கக் கூடாது என்று சொன்னார். இந்த முரணுக்குச் சமாதானம் சொல்ல வழியில்லை.

கடைசி ஆண்டுகள்

வெள்ளை சூட், வெள்ளை ஷூ என்று 70 வயதிலும் சுறுசுறுப்பாகவே திரிந்தார். இன்று யூடியூப் பார்த்து உடற்பயிற்சி செய்வது போல, 1920-களில் அவருடைய பயிற்சிகள் இசையோடு கிராமபோன் தட்டுகளில் வந்தன.

1928-ல் சானிடேரியத்துக்கு 15 மாடிக் கோபுரம் எழுந்தது. அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. பணக்கார விருந்தாளிகள் வருவது நின்றது. கடன் கழுத்தை நெரிக்க, 1933-ல் நிறுவனம் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் போனது. 1942-ல் அந்தக் கட்டிடத்தை ராணுவம் வாங்கி, போரில் காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனை ஆக்கியது.

1943 டிசம்பர் 14-ல், 91 வயதில் கெல்லாக் இறந்தார். சாகும் முன் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது அனுப்பப்படாமலே கிடந்து, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வில் கைக்குப் போனது. வில் 1951-ல் இறந்தார். அவருக்கும் அப்போது வயது 91.

கெல்லாக் செய்யாத சோதனை

அதிர்வு வேலை செய்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. பாதிப் பேருக்கு அதிரும் கருவி, மீதிப் பேருக்கு அதைப் போலவே தெரியும் ஆனால் அதிராத போலிக் கருவி. யாருக்கு எது என்று தெரியக் கூடாது. ஷார்கோவின் நாற்காலியை 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். அதிர்வு கிடைத்தவர்களும் முன்னேறினார்கள். அதிர்வில்லாமல் சும்மா சாய்ந்து உட்கார்ந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினார்கள். ஓய்வும் எதிர்பார்ப்பும் செய்த வேலையை இயந்திரத்தின் கணக்கில் எழுதியிருந்தோம் என்பது தெரிந்தது.

குடல் விஷயத்தில் வேறொரு திருப்பம். நாள்பட்ட மலச்சிக்கலுக்காக, விழுங்கினால் பெருங்குடல் வரை போய் அங்கே அதிரும் ஒரு கேப்சூல் உருவாக்கப்பட்டது. அதில் மருந்து எதுவும் கிடையாது. அதிர்வு மட்டும்தான். 2022-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது. சோதனையில் அதிரும் கேப்சூல் எடுத்தவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது கூடுதலாக, முழுமையாக மலம் கழிந்தது. போலி கேப்சூல் எடுத்தவர்களில் சுமார் 22 சதவீதம்.

அந்த 22-ஐத்தான் கவனிக்க வேண்டும். அதிராத கேப்சூலை விழுங்கிய 5 பேரில் ஒருவருக்கும் பலன் தெரிந்திருக்கிறது. கெல்லாக்கின் நாற்காலியிலிருந்து திருப்தியாக எழுந்து போனவர்களில் இந்த வகையினர் எத்தனை பேர் என்று சொல்ல, அவரிடம் ஒரு போலி நாற்காலி இருந்ததில்லை. மீதமுள்ள வித்தியாசம் சின்னதுதான், ஆனால் உண்மையானது. அதுவும் உடம்பு முழுவதையும் குலுக்கியதால் வந்தது அல்ல. குடலின் உள்ளே, சுவருக்கு அருகில், குறித்த நேரத்தில் கொடுத்த மெல்லிய அதிர்வால் வந்தது.

2023-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். இரைப்பையில் அதிரும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் பன்றிகளுக்குக் கொடுத்தபோது, அவை சுமார் 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டன. அதிர்வை வயிறு நிறைந்த அறிகுறியாக உடம்பு எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். மனிதர்களிடம் இது எப்படி என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

அப்போ, அந்த மெஷினில் ஏறலாமா?

பிடித்திருந்தால், உடல்நலம் இடம் கொடுத்தால், ஏறலாம். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. சாப்பிட்ட உடனே ஏறுவதும் சரியில்லை. மலச்சிக்கல் தீரும் என்ற ஒரே காரணத்துக்காக அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

சானிடேரியத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. நார்ச்சத்து, தண்ணீர், நடை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாக அசையும் நேரத்தில் அவசரமில்லாமல் கழிப்பறைக்குப் போவது. இவற்றுக்கு மோட்டார் வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணம் இல்லாமல் எடை குறைவது, திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறுவது என்றால் ஜிம்மையும் வீட்டு வைத்தியத்தையும் விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கெல்லாக்கின் நாற்காலி இன்று காட்சிப் பொருள். தட்டில் போட்ட தவிடும் பழமும் மருத்துவர்களின் பரிந்துரைச் சீட்டில் இன்னும் இருக்கின்றன. தன் கண்டுபிடிப்புகளில் எது காலம் தாண்டி நிற்கும் என்று அவரிடம் கேட்டிருந்தால், அநேகமாக நாற்காலியைத்தான் காட்டியிருப்பார்.